பழைய காருக்கு மாற்று எஞ்சின் வாங்கப் போகிறீர்களா?

பழைய கார்கள் பற்றி நாம் வானொலியில் பேசிய பிறகு, ஃப்ரீமான்ட், நியூவாக், யூனியன் சிற்றி பக்கமிருந்து சிலர் அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “மொறிஸ் மைனர் ஒன்று கிடைத்திருக்கிறது, எஞ்சின் போய்விட்டது. வேறு எஞ்சின் வாங்கிப் போடலாமா? எது பொருந்தும்?” வானொலியில் சொன்ன பதில் அவசரப் பதில். அதை விரிவாக எழுதித் தரும்படி கேட்டதால் இந்தக் கட்டுரை.

நான் மெக்கானிக் அல்லன். ஆனால் எங்கள் வீட்டிலேயே இந்தப் பாடத்தைப் பணம் கொடுத்துப் படித்தோம். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அத்தான் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கினார். அவருடைய தகப்பனார், எனக்கு மாமா முறை, யாழ்ப்பாணத்தில் ஹயர் ஓடியவர். ஏ-40 வைத்திருந்தார், பிறகு மைனர். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைக் காணவே கிடைக்காது. சிறிதளவு பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கறுத்த புகையோடு பருத்தித்துறை வீதியில் ஆட்களை ஏற்றி இறக்கியவர். இங்கே வந்து இருபது வருடமாக மகனின் கொறோலாவில் பின்சீற்றில் இருந்துதான் போய் வருகிறார். அவர் கண் பார்வை தெளிவாக இருக்கும்போதே மைனரின் ஸ்ரியறிங்கை ஒரு தடவை அவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது அத்தானின் ஆசை.

கார் நல்ல கார். எஞ்சின்தான் புளொக் வெடித்துப் போயிருந்தது. “எம்ஜி மிட்ஜெட் எஞ்சின், மைனருக்கு நேராகப் பொருந்தும்” என்று விளம்பரம் ஒன்று கண்டு, சக்கரமென்ரோ பக்கம் போய் 650 டொலர் கொடுத்து ஏற்றி வந்தோம். கராஜில் இறக்கியதும் மாமா கைத்தடியோடு வந்து சுற்றிப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“இது எங்கட மைனர் எஞ்சின் இல்லை மோனை.”

“அப்பா, மிட்ஜெட் எஞ்சினும் மைனர் எஞ்சினும் ஒன்றுதான். எல்லாரும் சொல்லுகினம்.”

“ஒன்றெண்டால் நான் அடையாளம் கண்டிருப்பன்.”

மாமா சொன்னதுதான் சரி. எட்டு மாதம் அந்த எஞ்சின் கராஜ் மூலையில் கிடந்தது. விற்றவர் பொய் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எங்கள் பிழை வேறு: பெயரைக் கேட்டு வாங்கினோம், எஞ்சினைப் பார்த்து வாங்கவில்லை.

மிட்ஜெட் எஞ்சினும் மைனர் எஞ்சினும் ஒன்று என்பது பாதி உண்மை. ஒஸ்ரினும் மொறிஸும் 1952இல் ஒன்றாகி பி.எம்.சி. ஆன பிறகு, ‘ஏ-சீரிஸ்’ என்ற ஒரே குடும்ப எஞ்சினைப் பல கார்களுக்குப் போட்டார்கள். மைனருக்கு 1952இல் 803 சிசி, 1956இல் 948 சிசி, 1962இல் 1098 சிசி வந்தது. மிட்ஜெட்டுக்கும் 948, 1098, பிறகு 1275 சிசி. இதுவரை எல்லாம் உறவுக்காரர். ஆனால் 1974ஆம் ஆண்டு இறுதியில், கறுப்பு றப்பர் பம்பரோடு வந்த மிட்ஜெட் 1500க்கு ரையம்ப் கொம்பனியின் 1493 சிசி எஞ்சினைப் போட்டார்கள். பெயர் மிட்ஜெட், எஞ்சின் முற்றிலும் வேறு வம்சம். எஞ்சினின் பின்பக்கம் மைனரின் கியர் பொக்ஸோடு சேராது. நாங்கள் ஏற்றி வந்தது அதைத்தான். கலிபோர்னியாவில் பழைய மிட்ஜெட் என்று தேடினால் இந்த றப்பர் பம்பர்க் காலத்தவை நிறையவே கிடைக்கும். ஆகவே இந்தக் குழியில் விழுவது மிகச் சுலபம்.

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு குழி இருக்கிறது, அது ஏ-40. நாம் ஊரில் ஏ-40 என்று சொன்னது பெரும்பாலும் உருண்டையான உடம்புள்ள சொமர்செற் காரை. அது 1952 முதல் 1954 வரை வந்தது. அதற்கு முந்தியது டெவன். இரண்டுக்கும் 1200 சிசி ஒஸ்ரின் எஞ்சின். பிறகு 1954இல் வந்த ஏ-40 கேம்பிறிட்ஜ் காருக்கும் 1200 சிசிதான், ஆனால் அது ‘பி-சீரிஸ்’ குடும்பம். 1958இல் வந்த சின்ன ஏ-40 ஃபரீனாவுக்கு மைனரில் உள்ள அதே ஏ-சீரிஸ். ஒரே பெயரில் மூன்று எஞ்சின். “ஏ-40 எஞ்சின் இருக்கிறது” என்று யாரும் சொன்னால், எந்த ஏ-40 என்று கேளுங்கள். அதேபோல 1948 முதல் 1952, 53 வரை வந்த முதல் மைனர்களில் இருந்தது பழைய 918 சிசி மொறிஸ் எஞ்சின். அதன் பாகம் பின்னாளைய மைனருக்கு உதவாது.

இந்தியாவிலிருந்து வந்த நண்பர்களுக்கும் ஒரு சொல். அம்பாசடர் காரில் நெடுங்காலம் இருந்த 1489 சிசி எஞ்சின் பி-சீரிஸ். அது மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் உறவு, மைனரின் உறவு அல்ல.

பெயர் ஏமாற்றுவது ஆங்கிலேயக் கார்களில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நமது ஃப்ரீமான்டிலேயே, இப்போது ரெஸ்லா இருக்கும் அதே தொழிற்சாலையில், 1984 முதல் 2010 வரை ஜெனரல் மோட்டோர்ஸும் ரொயோற்றாவும் சேர்ந்து நடத்திய நுமி இயங்கியது. அங்கிருந்து முதலில் வந்த செவர்லே நோவாவின் முகப்பில் செவர்லே என்று இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே ரொயோற்றாவின் 1.6 லீற்றர் எஞ்சின். முந்திய காலத்து நோவாவின் எஞ்சினை வாங்கிவந்து இதற்குள் வைக்க முடியாது. கொறோலாவிலும் அந்தக் காலத்தில் இரண்டு வகை உண்டு. முன்சக்கரம் இழுக்கும் காரில் எஞ்சின் குறுக்காக இருக்கும், பின்சக்கரம் தள்ளும் காரில் நீளவாக்கில் இருக்கும். எஞ்சின் பெயர் இரண்டிலும் ‘4ஏ’ என்றே இருந்தாலும் தாங்கிகளும் தண்ணீர்க் குழாய்களும் வேறு.

சரி, எஞ்சினை எப்படிப் பார்ப்பது? ஏ-சீரிஸில் புளொக்கின் வலப்பக்கம், டைனமோவுக்கு மேலே, சிறிய தகடு ஒன்று ஆணியடித்துப் பொருத்தியிருக்கும். வலம் என்பது சாரதி ஆசனத்தில் இருந்து பார்க்கும் வலம். அதில் முதலில் வரும் எண் கொள்ளளவைச் சொல்லும்: 8 என்றால் 803, 9 என்றால் 948, 10 என்றால் 1098, 12 என்றால் 1275. அடுத்த எழுத்து எந்தக் காருக்குச் செய்தது என்பதைச் சொல்லும். மைனர் 948 ‘9எம்’ என்று தொடங்கும், மைனர் 1098 ‘10எம்ஏ’ என்று. மிட்ஜெட் 1275 என்றால் ‘12சி’, பிந்தியவை ‘12வி’. தகட்டில் ‘எச்’ என்ற எழுத்து இருந்தால் கூடிய கொம்பிரஷன், ‘எல்’ என்றால் குறைந்தது. மைனர் 948இல் இது 8.3க்கு 1, 7.2க்கு 1 என்று இரண்டு வகை.

தகட்டை மட்டும் நம்ப வேண்டாம். அறுபது வருடத்தில் யார் யாரோ திறந்து பூட்டியிருப்பார்கள். ஒரு புளொக்கின் தகட்டைக் கழற்றி இன்னொன்றில் அடித்திருப்பதும் உண்டு. விற்பவர் ஹெட்டைக் கழற்ற விட்டால் அளந்து பாருங்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 948இன் சிலின்டர் விட்டம் 62.9 மில்லிமீற்றர், 1098இன் விட்டம் 64.58. வித்தியாசம் மிகக் குறைவு. தேய்ந்த 948ஐ ஆயிரத்தில் 60 அங்குலம் கூட்டி ‘போர்’ பண்ணியிருந்தால் அதுவும் 64.4க்கு மேல் வந்துவிடும். விட்டத்தை மட்டும் அளந்தவர் 1098 என்றே நினைப்பார். ஆனால் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை யாராலும் அப்படி மாற்ற முடியாது: 948இல் 76.2, 1098இல் 83.72, 1275இல் 81.28 மில்லிமீற்றர். கிராங்கைக் கையால் சுழற்றி, பிஸ்டன் மேலே நிற்கும்போதும் கீழே நிற்கும்போதும் ஆழத்தை அளந்தால் எந்த எஞ்சின் என்பது தெரிந்துவிடும். சுழற்ற முடியாமல் இறுகிக் கிடந்தால், அந்த எஞ்சினுக்கு இரும்பு விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன், எஞ்சினின் பின்பக்கம். வாங்குபவர்கள் முன்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். காரோடு எஞ்சின் சேரும் இடம் பின்பக்கம்தான். அங்கே ஒரு தகட்டுப் பலகை, பிளைவீல், கிளச், பிறகு கியர் பொக்ஸின் மணி போன்ற வாய் என்று வரிசையாக வரும். மைனர் 948இன் கிளச் ஆறேகால் அங்குலம். 1098இன் கிளச் ஏழேகால் அங்குலம், அதற்கேற்ப அதன் கியர் பொக்ஸின் வாயும் பெரியது. ஆகவே 948 காருக்கு 1098 எஞ்சினை மட்டும் தனியே வாங்கி வந்தால், பிளைவீலோடும் கிளச்சோடும் அப்படியே பழைய கியர் பொக்ஸில் வைத்து முடுக்க வராது. மாற்ற வழிகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பாகம், ஒவ்வொரு பாகத்துக்கும் தபால் செலவு. என் அபிப்பிராயத்தில் எஞ்சினையும் கியர் பொக்ஸையும் பிரிக்காமல், ஒரே காரிலிருந்து கழற்றிய சோடியாக வாங்குவதே மலிவு. நூறு இருநூறு டொலர் கூடக் கொடுத்தாலும் மலிவுதான்.

சோடியாகக் கிடைக்காவிட்டால், உங்கள் பழைய பின்தகட்டையும் கிளச் பிளேற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு போங்கள். அங்கேயே வைத்துத் துளைகள் நேராக வருகின்றனவா என்று பாருங்கள். கியர் பொக்ஸ் தண்டின் நுனி கிராங்கின் நடுவில் உள்ள சின்ன புஷ்ஷுக்குள் போய் உட்காரும். அந்தத் துளையையும் அளவுகோலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். படத்தில் ஆறேகால் அங்குலமும் ஏழேகால் அங்குலமும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

மினிக் கார் எஞ்சினும் ஏ-சீரிஸ்தான். மைனரைப் படைத்த அலெக் இசிகோனிஸின் கைவண்ணம்தான் மினியும். ஆனால் மினியில் எஞ்சின் குறுக்காகக் கிடக்கும், கியர் பொக்ஸ் அதன் அடியில் ஒயில் சட்டிக்குள்ளேயே இருக்கும். மைனருக்கு அதை அப்படியே எடுத்து வைக்க முடியாது. லண்டனில் இருக்கும் மச்சான் ஒருவர் தொலைபேசியில் “மறீனா எஞ்சின் ஒன்று பார்த்துப் போடு” என்று சொல்லக்கூடும். அவர் சொல்வது அங்கே சரி, அங்கே 1275 சிசி மறீனா ஓடியது. அமெரிக்காவுக்கு வந்த ஒஸ்ரின் மறீனாவில் 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின்தான் இருந்தது. ஊருக்கு ஊர் பெயர் ஒன்று, சாமான் வேறு.

1098 மிட்ஜெட் எஞ்சின் வாங்குபவர்கள் கிராங்கின் பருமனையும் கேட்க வேண்டும். ‘10சிஜி’ என்று தொடங்குபவற்றில் முக்கிய பெயரிங் ஒன்றே முக்கால் அங்குலம். வேகமாக ஓட்டினால் கிராங் வளையும் என்ற கெட்ட பெயர் அதற்கு உண்டு. 1964க்குப் பிறகு வந்தவற்றில் அதை இரண்டு அங்குலமாக்கினார்கள். கிடைத்தால் இரண்டாவதே நல்லது. பெயரிங் வாங்கும்போதும் இந்த அளவைச் சொல்லியே வாங்குங்கள், 1098 என்று மட்டும் சொன்னால் போதாது.

ஹெட்டைத் தனியாக மாற்றுபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 1275இன் ஹெட்டில் ‘12ஜி940’ என்று வார்ப்பில் எழுதியிருக்கும். பெரிய வால்வ், கூடிய சக்தி என்று பலர் அதை 1098 புளொக்கில் வைக்க ஆசைப்படுவார்கள். புளொக்கில் பள்ளம் வெட்டாமல் வைத்தால், எக்சோஸ்ற் வால்வ் திறக்கும்போது புளொக்கின் விளிம்பில் போய் இடிக்கும். அத்தோடு வால்வும் போய்விடும்.

எஞ்சின் பொருந்திவிட்டது என்றால் கார் தயார் என்று நினைக்க வேண்டாம். 948இன் சக்தி 37 குதிரைவலு, 1098இல் 48, மிட்ஜெட் 1275இல் 65. ஓடும் வேகம் கூடினால் நிற்கும் பலமும் கூட வேண்டும் அல்லவா? 948 மைனரின் முன் பிறேக் டிறம் 7 அங்குலம். 1098 வந்தபோது கொம்பனியே அதை 8 அங்குலமாக்கியது. ஆகவே எஞ்சின் கழற்றும் காரிலிருந்து முன் பிறேக்கையும் சேர்த்துக் கேளுங்கள். 880 நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லொறி திடீரென்று நிற்கும்போது, இது சின்ன விடயமாகத் தெரியாது.

மின்சாரம் பற்றி ஒன்று. மைனரில் கடைசிவரை பற்றறியின் நேர்முனைதான் உடம்போடு சேரும். 1960களின் கடைசியிலிருந்து மிட்ஜெட்டில் அது எதிர்முனையாகிவிட்டது. பிந்திய எஞ்சினோடு ஓல்ரநேற்றர் ஒட்டிக்கொண்டு வந்தால், காரின் இணைப்பை மாற்றாமல் வயரைக் கொடுக்காதீர்கள். ஒரு நொடியில் எரிந்துவிடும். உங்கள் பழைய டைனமோவையே கழற்றிப் பூட்டிக்கொள்வது சுலபம்.

எண்ணெய் விடயத்தில் மாமா சிரித்துக்கொண்டு சொல்லுவார், மண்ணெண்ணெய் குடித்த எஞ்சினுக்கு இங்கத்தைப் பெற்றோல் விருந்து என்று. விருந்திலும் சில கவனம் வேண்டும். இந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெற்றோல் காலத்தவை. அமெரிக்காவில் வீதி வாகனங்களுக்கு ஈயப் பெற்றோல் 1996 முதல் முற்றாகத் தடை. ஹெட்டைத் திருத்தக் கொடுக்கும்போது எக்சோஸ்ற் வால்வுக்குக் கடின உலோக இருக்கை போடச் சொல்லுங்கள். முன்னரே போட்டிருக்கிறதா என்று விற்பவரிடம் பில்லோடு கேளுங்கள். கலிபோர்னியப் பெற்றோலில் பத்து வீதம் எதனோல் கலந்திருப்பதால் பழைய றப்பர் குழாய்கள் இளகிக் கசியத் தொடங்கும். சூடான எக்சோஸ்ற் பக்கத்தில் பெற்றோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எஞ்சினோடு வரும் குழாய்களை எறிந்துவிட்டுப் புதியவை போடுங்கள். பத்து இருபது டொலர் வேலை.

சட்டத்துக்கு வருவோம். கலிபோர்னியாவில் 1975ஆம் ஆண்டும் அதற்கு முந்தியதுமான பெற்றோல் கார்களுக்கு ஸ்மொக் செக் இல்லை. மைனர்க்காரர் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் 1976உம் அதற்குப் பிந்தியதுமான காரில், உதாரணமாக 1986 கொறோலா அல்லது நோவாவில், எஞ்சினை மாற்றினால் விதிகள் உண்டு. புது எஞ்சின் காரின் ஆண்டைவிடப் பழையதாக இருக்கக் கூடாது. அதே வகை வாகனத்துக்குரியதாக இருக்க வேண்டும். அந்த எஞ்சின் முதலில் இருந்த காரில் என்னென்ன புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் இருந்தனவோ அவை எல்லாம் கூடவே வர வேண்டும். மாற்றிய பிறகு ஸ்மொக் செக் றெஃபரி நிலையத்தில் காட்டி அனுமதி பெற வேண்டும். எஞ்சினை மட்டும் வாங்கிவிட்டுப் புகைப் பாகங்களைப் பிறகு தேடுவோம் என்றால், தேடியே வருடம் போய்விடும்.

எண்ணைத் தேய்த்து அழித்த எஞ்சினை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். அது களவுப் பொருளாக இருக்கலாம். நமது பெயரில் ஒரு வழக்கு வருவதை, ஏற்கெனவே கடதாசிகளோடு போதிய அளவு அலைந்த நமது குடும்பங்கள் தாங்க வேண்டியதில்லை. விற்றவரின் பெயர், திகதி, எஞ்சின் எண், எந்தக் காருக்குரியது என்று சொல்லி விற்றார், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். “பொருந்தாவிட்டால் இத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பேன்” என்ற ஒரு வரியையும் கேட்டுப் பாருங்கள். எழுதச் சம்மதிக்காதவர் ஏன் சம்மதிக்கவில்லை என்று யோசியுங்கள். எங்களிடம் அப்படி ஒரு தாள் இருக்கவில்லை.

புதிய பாகங்கள் கிடைக்காது என்ற பயம் வேண்டாம். இங்கிலாந்தில் மைனருக்கென்றே கடைகள் இருக்கின்றன. 1990களில் பாத் நகரின் மொறிஸ் மைனர் நிலையத்தார் இலங்கையிலேயே மைனர் பாகங்கள் செய்விக்கும் கூட்டு முயற்சி ஒன்றைக்கூடத் தொடங்கினார்கள். பாகங்களுக்குக் கடிதம் எழுதும்போது காரின் ஆண்டை மட்டும் எழுதாமல், எஞ்சின் தகட்டில் உள்ள முழு எண்ணையும் எழுதுங்கள்.

அத்தானின் கதையை முடித்துவிடுகிறேன். றப்பர் பம்பர் மிட்ஜெட் வைத்திருந்த ஒருவருக்கு அந்த எஞ்சினை 400 டொலருக்குக் கொடுத்தோம். பிறகு உடம்பு உக்கிப்போன 1964 மைனர் ஒன்றிலிருந்து 1098 எஞ்சின், கியர் பொக்ஸ், முன் பிறேக் எல்லாம் ஒன்றாகக் கிடைத்தன. இந்த முறை மாமாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அவர் குனிந்து தகட்டைத் துணியால் துடைத்துப் பார்த்தார், டைனமோவைத் தட்டினார், காற்றாடியைக் கையால் மெல்லச் சுழற்றி நாலு சிலின்டரும் ஒரே அளவாக இறுகிக் கொடுக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். அத்தான் அளவுகோலை எடுத்தபோது, “நீ அள, எனக்குத் தெரியும்” என்றார். அளந்தோம். 83.7 வந்தது.

மூன்று சனிக்கிழமைகளில் பூட்டி முடித்தோம். நாலாவது சனிக்கிழமை மாமா இடப்பக்கம் ஏறி இருந்து, “என்னடா, ஸ்ரியறிங் பிழையான பக்கத்தில இருக்கு” என்று முறைப்பட்டுக்கொண்டே மிஷன் புலவார்ட் வழியாக ஓட்டிக்கொண்டு போனார்.